ஹெல்ப் என்று அடித்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபங்ஷனின் இரண்டாவது ஆர்குமெண்ட் என்ன என்பது மறந்துபோனால், இன்றைக்குப் பெரும்பாலானவர்களின் கை தானாக பிரவுசருக்குப் போகிறது, இல்லையென்றால் ஏஐயிடம் போகிறது. அதே பதில் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, மென்பொருளை நிறுவிய அன்றே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். தெரிந்தும் திறப்பதில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் எனக்கு அது சரியான காரணமாகப் படவில்லை. புதிதாக வருபவர் ஒரு முறை ஹெல்ப் அடித்துப் பார்க்கிறார், திரை முழுக்கச் சதுர அடைப்புக்குறியும் கோடுமாக ஏதோ வந்து நிற்கிறது, அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்றுகூடத் தெரியவில்லை (க்யூ எழுத்தை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்), அதோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

நமக்கு வரும் கேள்விகள் இரண்டு வகை. 'இந்தப் பெயருள்ள ஃபங்ஷன் எப்படி வேலை செய்யும்' என்பது ஒன்று. 'எனக்கு இந்த வேலை ஆக வேண்டும், அதற்கு இங்கே என்ன இருக்கிறது' என்பது இன்னொன்று. உள்ளே இருக்கும் ஆவணங்களில் பெரும்பகுதி முதல் வகைக்காக எழுதப்பட்டவை. சொல் தெரிந்தால்தான் அகராதியைப் புரட்ட முடியும், அந்த மாதிரி. புதியவரிடம் இருப்பதோ பெரும்பாலும் இரண்டாவது வகைக் கேள்வி. அதற்கும் உள்ளேயே வழி இருக்கிறது, ஆனால் அது வேறு கட்டளை, வேறு பெயர், பாடப் புத்தகங்கள் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

முதலில் அந்த எழுத்து நடை ஏன் அப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். லினக்ஸுக்கும் மேக்குக்கும் முன்னோடியான யூனிக்ஸ் சிஸ்டத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியோடு வந்தது. எழுதியவர்கள் அந்த சிஸ்டத்தையே உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும். படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே இருந்த சகாக்கள். கட்டளை என்ன செய்யும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், எந்த எழுத்தைப் போட்டால் எந்த ஆப்ஷன் என்பதுதான் மறந்துபோகும். அந்த வாசகருக்காக உண்டான வடிவம்தான் பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம், தொடர்புள்ளவை, பிழைகள் என்ற வரிசையில் இன்றும் மேன் பக்கங்களில் (டெர்மினலில் 'மேன்' என்றும் கட்டளைப் பெயரும் அடித்தால் திறக்கும் கையேட்டுப் பக்கங்கள்) அப்படியே நிற்கிறது. அதில் பிழைகள் என்ற பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. தான் எழுதிய கட்டளையில் என்ன கோளாறு இருக்கிறது என்பதை எழுதியவரே அதே பக்கத்தில் ஒப்புக்கொள்கிறார், விளம்பரம் கலந்த இன்றைய ஆவணங்களில் இதை எங்கே பார்ப்பது?

மேன் பக்கத்தின் மேலே வரும் பயன்பாட்டு வரிதான் பலரை மிரட்டுகிறது. அதற்கு விதிகள் கொஞ்சம்தான். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடலாம், கட்டாயமில்லை. மூன்று புள்ளி வைத்திருந்தால் முன்னால் இருப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். நடுவில் செங்குத்துக் கோடு இருந்தால் இதுவோ அதுவோ, இரண்டில் ஒன்று. அடிக்கோடிட்டதையோ சாய்ந்த எழுத்தில் இருப்பதையோ அப்படியே அடிக்கக் கூடாது, அந்த இடத்தில் நம்முடைய ஃபைல் பெயரோ எண்ணோ வர வேண்டும். இந்த நான்கும் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிப் பக்கங்கள் படிக்கக்கூடியவையாகிவிடும். அப்புறம் தேடுவது: சாய்கோட்டை அழுத்திச் சொல்லை அடித்தால் அது வரும் இடத்துக்குப் போகும், 'என்' அழுத்தினால் அடுத்த இடத்துக்கு. ஒரு ஆப்ஷனைத் தேடும்போது ஹைஃபனுக்கு முன்னால் ஓர் இடைவெளியும் சேர்த்து அடித்தால் நல்லது, இல்லையென்றால் வாக்கியங்களுக்கு நடுவே வரும் ஹைஃபன் எல்லாவற்றிலும் நின்று நின்று போகும்.

இன்னொரு குழப்பம் எண்கள். 'மேன் பிரிண்ட்எஃப்' என்று அடித்தால் வருவது டெர்மினலில் பயன்படும் கட்டளையைப் பற்றிய பக்கம், சி மொழியின் ஃபங்ஷனைப் பற்றியது அல்ல. கையேட்டில் 1 என்பது கட்டளைகள், 2 என்பது சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் நேரடியாகக் கேட்கும் அழைப்புகள், 3 என்பது லைப்ரரி ஃபங்ஷன்கள், 5 என்பது ஃபைல் வடிவங்கள், 8 என்பது நிர்வாகக் கட்டளைகள். ஆகவே சி ஃபங்ஷன் வேண்டுமென்றால் நடுவில் 3 போட வேண்டும். டெபியன் வகை லினக்ஸில் அந்த 2, 3 பகுதிகள் 'மேன்பேஜஸ்-டெவ்' என்ற தனித் தொகுப்பாக வருவதால், அதை நிறுவாதவருக்கு அப்படி ஒரு பக்கமே இல்லை என்று பதில் வரும். உடனே மேன் உபயோகமற்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், பாவம் அது என்ன செய்யும்.

சரி, இணையத்தில்தான் இதைவிட நன்றாக எழுதிய விளக்கங்கள் கொட்டிக் கிடக்கின்றனவே, எதற்கு இந்தப் பழைய பஞ்சாங்கம் என்று கேட்கலாம். ஒரே ஒரு காரணத்துக்காக: உள்ளே இருக்கும் ஆவணம் உங்களிடம் இருக்கும் வெர்ஷனைப் பற்றியது. இணையத்தில் இருப்பது வேறு யாரிடமோ இருக்கும் வெர்ஷனைப் பற்றியது. ஃபைலுக்குள் எழுத்துகளைத் தேடி மாற்றும் 'செட்' கட்டளையில், அந்த ஃபைலையே மாற்றி எழுதச் சொல்லும் 'ஐ' ஆப்ஷன் இதற்கு நல்ல உதாரணம். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு செட்டில், மாற்றத்துக்கு முந்தைய ஃபைலை எந்தப் பின்னொட்டோடு காப்பி எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்வது நம் விருப்பம், சொல்லாவிட்டாலும் வேலை நடக்கும். மேக்கில் இருக்கும் செட் பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளையின் வழியில் வந்தது, அங்கே அந்தப் பின்னொட்டைக் கொடுத்தே ஆக வேண்டும், வெறுமையாக விடுவதென்றாலும் வெற்று மேற்கோள்குறி போட வேண்டும். லினக்ஸுக்காக யாரோ எழுதிய வரியை மேக்கில் ஒட்டினால், நாம் கொடுத்த மாற்று விதியையே பின்னொட்டு என்று நினைத்துக்கொண்டு, ஃபைல் பெயரைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்து, சம்பந்தமே இல்லாத ஓர் எரரைக் காட்டும். அந்த எரரை இணையத்தில் தேடி அரை மணி நேரம் அலைவதற்கு, அந்த மெஷினிலேயே 'மேன் செட்' அடித்தால் விஷயம் முடிந்தது.

பைதானுக்கு வருவோம், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தொடங்கும் இடம் அதுதான். அங்கே விளக்கம் என்பது தனி ஃபைல் அல்ல, ஃபங்ஷனுக்குள் முதல் வரியாக எழுதிய சரமே (மேற்கோள்குறிக்குள் வைக்கும் எழுத்துத் தொடர்) அதன் விளக்கமாகி, புரோகிராம் ஓடும்போதும் அந்த ஃபங்ஷனோடு ஒட்டியே இருக்கும். டாக்ஸ்ட்ரிங் என்பார்கள். அதை எடுத்துக் காட்டும் 'ஹெல்ப்' ஃபங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் 'பைடாக்' 2001இல் வந்த பைதான் 2.1இலிருந்து கூடவே வருகிறது. 2024இல் வந்த 3.13இல் இன்டராக்டிவ் ஷெல்லில் அடைப்புக்குறிகூடப் போடாமல் வெறும் ஹெல்ப் என்று அடித்தாலே திறந்துவிடும், எஃப்1 அழுத்தினாலும் சரி.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஹெல்ப்புக்குள் ஃபங்ஷனின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், அதற்கும் அடைப்புக்குறி போட்டுவிட்டால் ஃபங்ஷன் ஓடிவிடும், அது திருப்பித் தந்த மதிப்புக்குத்தான் விளக்கம் வரும். அந்த மதிப்பு ஒரு சரமாக இருந்தால் இன்னும் வேடிக்கை: அந்தச் சரத்தையே ஒரு தலைப்பு என்று எடுத்துக்கொண்டு, அப்படி எதுவும் ஆவணம் இல்லை என்று சொல்லும். 'இஃப்', 'ஃபார்' போன்ற மொழிச் சொற்களை மேற்கோள்குறிக்குள் கொடுக்க வேண்டும். ஃபங்ஷனின் பெயரும் ஆர்குமெண்டுகளும் வரும் முதல் வரியில் தனியாக நிற்கும் சாய்கோடு ஒன்று பலரைக் குழப்புகிறது. அதற்கு முன்னால் இருப்பவற்றைப் பெயர் சொல்லிக் கொடுக்க முடியாது, வரிசைப்படி மட்டும்தான் கொடுக்கலாம் என்று அர்த்தம்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்த்தால் இந்த உதவியின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் '.டிஎக்ஸ்டி'யை நீக்க, சரத்தின் 'ஸ்ட்ரிப்' ஃபங்ஷனுக்கு அந்த நான்கு எழுத்தையும் கொடுக்கிறார்கள். பல பெயர்களுக்குச் சரியாகவே நடக்கும். 'டெக்ஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லே ஃபைல் பெயராக இருந்தால், நடுவிலிருக்கும் 'இ' எழுத்து மட்டும் மிஞ்சும். ஏனென்றால் ஸ்ட்ரிப் அதை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை, புள்ளி, டி, எக்ஸ் என்ற எழுத்துகளில் எது இரு ஓரங்களில் வந்தாலும் உரித்துக்கொண்டே போகும். ஹெல்ப் கேட்டால் இது எழுதியிருக்கிறதா? எழுதியிருக்கிறது, கொடுத்ததில் உள்ள எழுத்துகளை நீக்கும் என்ற அளவில், ஒரே வரியில். கவனமாகப் படித்தவருக்குப் புரியும், வேகமாகப் படித்தவருக்குப் புரியாது. பைதானின் முழு நூலகக் கையேட்டில்தான், இது முன்னொட்டோ பின்னொட்டோ அல்ல, அந்த எழுத்துகள் எந்தக் கலவையில் வந்தாலும் நீக்கப்படும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். ஆக டாக்ஸ்ட்ரிங் என்பது சுருக்கம், கையேடு என்பது விரிவு, இரண்டும் ஒன்றல்ல. உண்மையில் வேண்டியிருந்தது 3.9இல் சேர்ந்த 'ரிமூவ்சஃபிக்ஸ்', அதன் பெயர் தெரியாதவருக்கு ஸ்ட்ரிப்பின் ஹெல்ப் பக்கம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

இப்படிப் பெயரே தெரியாத நிலையில்தான் 'டிர்' வேலைக்கு வருகிறது. கையில் இருக்கும் பொருளை அதனிடம் கொடுத்தால், அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் கிடைக்கும். ஒரு சரத்தைக் கொடுத்தால் அதன் எல்லா ஃபங்ஷன்களும் வரும், ரிமூவ்சஃபிக்ஸ் அந்தப் பட்டியலிலேயே கண்ணில் படும். வசதிகள் கூட்டிய பைதான் ஷெல்லான ஐபைதானில் இன்னும் வசதி, பெயரின் ஒரு பாதி மட்டும் தெரிந்தால் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டுக் கேள்விக்குறியோடு கேட்கலாம். ஹெல்ப்பிடமே 'டாபிக்ஸ்' என்று கேட்டால் பெரிய எழுத்தில் ஒரு தலைப்புப் பட்டியல் தரும். அதில் 'ஃபார்மேட்டிங்' என்ற தலைப்பைத் திறந்தால், சரங்களுக்குள் எண்ணை எத்தனை தசமத்தோடு, எந்தப் பக்கம் ஒட்டி எழுத வேண்டும் என்ற அந்த மறந்துபோகும் குறிமொழி முழுக்கக் கிடைக்கும். 'ப்ரெசிடென்ஸ்' என்று கேட்டால் எந்தக் கணக்குக் குறி முதலில் என்ற அட்டவணை. இவை டாக்ஸ்ட்ரிங் அல்ல, கையேட்டிலிருந்தே எடுத்து உள்ளே வைத்தவை, இருப்பதே பலருக்குத் தெரியாது.

டெர்மினலில் இதே வேலையைச் செய்வது 'அப்ரோபோஸ்', அல்லது மேனுக்கு 'கே' ஆப்ஷன். ஒவ்வொரு பக்கத்தின் பெயரிலும் ஒரு வரிச் சுருக்கத்திலும் நாம் கொடுக்கும் சொல் இருக்கிறதா என்று தேடித் தரும். பைடாக்குக்கும் 'கே' உண்டு, மாட்லேபில் 'லுக்ஃபார்', ஆர் மொழியில் இரட்டைக் கேள்விக்குறி. எல்லாமே ஒரே யோசனைதான், எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான்: எழுதியவர் பயன்படுத்திய சொல்லை நாம் ஊகிக்க வேண்டும். நாம் 'டெலிட்' என்று தேட, எழுதியவர் 'ரிமூவ்' என்று எழுதியிருந்தால் ஒன்றும் வராது. இதைக் கொஞ்சம் முன்யோசனையோடு அணுகியது மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல். அங்கே கட்டளைப் பெயர் எல்லாம் ஒரு வினைச்சொல்லும் ஒரு பெயர்ச்சொல்லும் சேர்ந்தது, வினைகள் அங்கீகரித்த பட்டியலிலிருந்து மட்டும் வர வேண்டும் என்ற வழக்கம், எனவே 'கெட்-கமாண்ட்'டில் நட்சத்திரக் குறி வைத்துத் தேடினால் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் 3.0 பதிப்பிலிருந்து முழு உதவி ஃபைல்கள் கூட வருவதில்லை, 'அப்டேட்-ஹெல்ப்' கொடுத்து இறக்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாதவருக்குக் கிடைப்பது வெறும் பயன்பாட்டு வரிகள்தான்.

ஆவணத்தை முதன்மை வசதியாகவே வைத்துக் கட்டிய மென்பொருள் என்றால் ஈமாக்ஸ் என்ற எடிட்டர். கன்ட்ரோல் ஹெச், பிறகு கே, பிறகு எந்த விசையை வேண்டுமானாலும் அழுத்தலாம். அந்த விசை இப்போது, இந்த நிலையில், என்ன செய்யும் என்று சொல்லும், அதைச் செய்யும் புரோகிராம் வரிகளுக்கே இணைப்பும் கொடுக்கும். விம் என்ற இன்னொரு எடிட்டர் இதற்கு நேர் எதிரான பேர் வாங்கியிருந்தாலும் அதன் ஹெல்ப் அருமையானது, என் கணக்கில் டெர்மினல் மென்பொருள்களிலேயே சிறந்தது. கற்றுக்கொள்பவருக்கு ஒரு கையேடு, தேடி எடுப்பவருக்கு ஒரு கையேடு என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒரே சிரமம், கேட்கும் விதம். ஓர் அமைப்பைப் பற்றிக் கேட்டால் அதை ஒற்றை மேற்கோள்குறிக்குள் வைக்க வேண்டும், இன்சர்ட் நிலையில் அழுத்தும் விசையைப் பற்றிக் கேட்டால் முன்னால் 'ஐ' எழுத்தும் ஓர் அடிக்கோடும். பெயர் எதுவும் தெரியாவிட்டால் 'ஹெல்ப்கிரெப்' முழு உரையிலும் தேடும்.

இன்றைய எடிட்டர்களில் மவுஸை ஒரு பெயரின் மேல் வைத்தால் விளக்கம் மிதந்து வருகிறதே, அதுவும் இதே டாக்ஸ்ட்ரிங்தான். 2016இல் மைக்ரோசாஃப்ட், எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறையான லாங்வேஜ் சர்வர் புரோட்டோகாலை வெளியிட்ட பிறகு, ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எழுத வேண்டிய நிலை மாறி, இந்த வசதி எங்கும் பரவியது. எனக்கு இதில் ஒரு மனக்குறை. சின்னப் பெட்டிக்குள் முதல் இரண்டு வரி தெரிந்துவிடுவதால் மீதியை யாரும் படிப்பதில்லை, எந்த நிலையில் எரர் எழுப்பும், என்ன திருப்பித் தரும் என்பதெல்லாம் கீழே கிடக்கும். பட்டியலின் 'சார்ட்' ஒன்றும் திருப்பித் தராது என்பது அதன் விளக்கத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. அதையே படிக்காமல் விடைக்குச் சமக்குறி போட்டு வாங்கிவைக்கிறார்கள், அப்புறம் பட்டியல் காணாமல் போய்விட்டது என்கிறார்கள்.

கேட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் காரணம் சில சமயம் வேறு. மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் வரும் 'ஸ்லிம்' வகை டெபியன் இமேஜ்களில் இடம் மிச்சப்படுத்த மேன் பக்கங்களை எடுத்துவிடுவார்கள். ஃபோல்டர் மாற்றும் 'சிடி' போன்றவை ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை, பாஷ் ஷெல்லில் அவற்றுக்கு மேன் அல்ல, 'ஹெல்ப் சிடி'. எது எந்த வகை என்று 'டைப்' கட்டளை சொல்லும். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் எந்தக் கட்டளைக்கும் ஒற்றை ஹைஃபனோடு 'ஹெச்' போட்டால் சுருக்கம், இரட்டை ஹைஃபனோடு முழுச் சொல்லும் போட்டால் முழுப் பக்கம். பைதானில் இரட்டை 'ஓ' ஆப்ஷனோடு ஓட்டினால் டாக்ஸ்ட்ரிங்குகள் எல்லாம் கழற்றப்பட்டுவிடும். ஒரு ஃபங்ஷனை இன்னொன்றால் சுற்றிவைக்கும் டெக்கரேட்டரை எழுதியவர் 'ராப்ஸ்' போட மறந்திருந்தாலும் அசல் ஃபங்ஷனின் விளக்கம் மறைந்து, உள்ளே சுற்றிய ஃபங்ஷனின் விவரம் காட்டும்.

மொழிக்கு மொழி இதில் வித்தியாசம் பெரியது, அதற்கு எழுதுபவர்களின் நல்ல மனசைவிட, சுற்றியிருக்கும் கருவிகள்தான் காரணம் என்பது என் எண்ணம். ரஸ்ட் மொழியில் விளக்கத்துக்குள் எழுதும் உதாரணக் கோடு டெஸ்ட்டோடு சேர்ந்து ஓடும், பழசாகிப்போனால் டெஸ்ட் தோற்கும். கம்பைலர் தரும் எரர் எண்ணை 'எக்ஸ்ப்ளெயின்' ஆப்ஷனோடு திருப்பிக் கேட்டால் அந்த எரருக்கென்றே எழுதிய விளக்கம் வரும், 'ரஸ்ட்அப் டாக்' என்று அடித்தால் முழு ஆவணமும் இணையமில்லாமலே திறக்கும். ஆர் மொழியிலும் பேக்கேஜைச் சோதிக்கும் கட்டளை விளக்கம் இல்லாத ஃபங்ஷனைச் சுட்டிக்காட்டும், உதாரணங்களை ஓட்டியும் பார்க்கும். அதனால்தான் அங்கே 'எக்சாம்பிள்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஓடக்கூடிய உதாரணமாக இருக்கிறது. பைதானில் 'டாக்டெஸ்ட்' உண்டு, கட்டாயமில்லை, விளைவு தெரிகிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனிடம் உன் விளக்கம் என்ன என்று கேட்கவே மொழியில் வழியில்லை. எடிட்டர் காட்டுவதெல்லாம் கமெண்டிலிருந்தும் டைப்ஸ்கிரிப்ட் ஃபைல்களிலிருந்தும் எடுத்தது.

விளக்கமே எழுதாத லைப்ரரி என்றால் அதன் புரோகிராம் வரிகளைப் படிப்பதுதான் வழி. ஐபைதானில் கேள்விக்குறியை இரண்டு முறை போட்டால் ஃபங்ஷனின் மூலக் கோடே வரும், சி மொழியில் எழுதியவற்றுக்கு மட்டும் வராது.

இந்த இடத்தில் ஏஐ எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால், அது நன்றாகச் செய்வது உள் உதவி மோசமாகச் செய்யும் அந்த இரண்டாவது வகைக் கேள்வியைத்தான். 'கடைசியில் ஒட்டியிருப்பதை நீக்க என்ன இருக்கிறது' என்று நம் சொந்தச் சொற்களில் கேட்டால் ரிமூவ்சஃபிக்ஸ் என்ற பெயரைச் சட்டென்று தந்துவிடும், டெலிட்டா ரிமூவா என்ற ஊகம் தேவையில்லை. அது தடுமாறுவது நம் மெஷினில் எந்த வெர்ஷன் இருக்கிறது என்பதில். இல்லாத ஆர்குமெண்டை இருப்பதுபோலவே நம்பிக்கையாக எழுதிக் கொடுக்கும், 3.8 இருக்கும் இடத்தில் ரிமூவ்சஃபிக்ஸைப் பரிந்துரைக்கும். ஆகவே பெயரை அங்கே வாங்கிக்கொண்டு, விவரத்தை இங்கே ஹெல்ப்பில் சரிபார்ப்பது சில விநாடி வேலை. அந்தப் பெயரே இல்லை என்று ஹெல்ப் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான், இந்த வெர்ஷனில் அது கிடையாது.

நீங்கள் எழுதும் கோடுக்கும் இதே கதவுகள் திறந்திருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபங்ஷனின் முதல் வரியாக ஒரு டாக்ஸ்ட்ரிங் எழுதினால் போதும், ஹெல்ப், எடிட்டரின் மிதக்கும் பெட்டி இரண்டும் அதை எடுத்துக்கொள்ளும். ஃபைலின் தலையிலும் ஒரு வரி வைத்தால் பைடாக்கின் தேடலிலும் அது சிக்கும். பைடாக்கை 'பி' ஆப்ஷனோடு ஓட்டினால் உங்கள் ஃபோல்டரில் இருக்கும் மாட்யூல்களும் பைதானின் சொந்த மாட்யூல்களோடு சேர்ந்து பிரவுசரில் வலைப்பக்கமாகத் தெரியும். டெர்மினலில் ஓட்டும் புரோகிராம் என்றால் 'ஆர்க்பார்ஸ்' வைத்து ஆப்ஷன்களை வரையறுத்தாலே, நீங்கள் ஒன்றும் செய்யாமலே டேஷ் டேஷ் ஹெல்ப்புக்குப் பதில் தயாராகிவிடும், ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி விளக்கத்தோடு.